அக்கா தேய்த்த பனி

கோக்-ஜார்
12 அக்டோபர் 2003

அன்புத் தம்பி மெதெருக்கு,

அக்காவின் வாழ்த்து. நீயும் நர்கிசாவும் பிள்ளைகளும் சுகமா? இங்கே ஆடு, மாடு, மனிதர் எல்லாம் சுகம். உன் மச்சான் தோக்தோவுக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. படுத்திருங்கள் என்றால் கேட்காமல் வைக்கோல் போர் மேல் ஏறி நிற்கிறார்.

ஒரு சேதி. நம் மருத்துவ உதவியாளர் வேலை தேடி ரஷ்யாவுக்குப் போய்விட்டார். அவர் அறையில் பூட்டுத் தொங்குகிறது. இனிப் பனி விழுந்தால் நான்கு மாதம் பாதை அடிக்கடி மூடிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். அதனால் மலையில் குளிர்காலம் கழிக்கிற ஊர்களிலிருந்து ஊருக்கு ஒரு பெண்ணாகப் பன்னிரண்டு பேரை நரின் டவுனுக்கு அழைத்து, டாக்டர் வராத இடத்தில் உயிரைப் பிடித்து வைப்பது எப்படி என்று பழக்கப்போகிறார்களாம். நவம்பரிலிருந்து மாதம் பத்து நாள், ஐந்து மாதம். முடிவில் ஒரு சிவப்புப் பையும் சான்றிதழும் கொடுப்பார்கள்.

யாரை அனுப்புவது என்று கூட்டம் போட்டார்கள். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்துப் பட்டிக்காரன் குபாத் எழுந்தான். "அனார்குல் அக்கா இருக்கறப்ப யோசிக்க என்ன இருக்கு? பதினாறு வயசுலயே தம்பி காலைக் காப்பாத்தினவங்க" என்றான். முடிந்தது கதை. எல்லாம் உன் வாயால் வந்த வம்பு. முப்பத்தொன்பது வயதில் மறுபடி பெஞ்சில் உட்காரப் போகிறேன். பயமாக இருக்கிறது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது.

வேன் ஓட்டும் சாதிர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

உன் அக்கா
அனார்குல்


பிஷ்கெக்
25 அக்டோபர் 2003

என் அருமை அக்காவுக்கு,

மெதெரின் வணக்கம். உங்கள் எல்லாருடைய உடம்பும் மந்தையும் நன்றாக இருக்கட்டும். இங்கே நாங்கள் நலம். மச்சானின் இடுப்புக்கு நர்கிசா ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறாள். குதிரைக்கும் போடலாம் என்று அட்டையில் எழுதியிருக்கிறது, அதை அவரிடம் சொல்லாதே.

குபாத்துக்கு மூளை இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. உன்னை விட்டால் வேறு யார்? போன சனிக்கிழமைகூட ஒரு கல்யாணத்தில் உன்னைப் பற்றித்தான் பேசினேன். விருந்து நடத்திவைக்கிற இந்த தமடா வேலையில் பாட்டு எடுபடாத நாள் உண்டு, சிரிப்பு எடுபடாத நாள் உண்டு. உன் கதை எடுபடாத நாள் கிடையாது. எண்பத்தொன்றாம் வருடம் விடுதிப் பள்ளியில் லீவு விட்டது, கணவாய்க்குக் கீழே லாரி நின்றுபோனது, டிரைவர் ஆள் தேடித் திரும்பிப் போனது, நாம் பொறுக்காமல் நடந்தது. ஓடையில் பனிக்கட்டி உடைந்து என் இரண்டு பூட்ஸிலும் தண்ணீர் நிரம்பியது. யாருமில்லாத ஆட்டுப்பட்டிக்குள் என்னைச் சுமந்துபோய், டிராக்டர் வரும்வரை நீ பனியை அள்ளி அள்ளி என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "எங்க அக்கா தேய்ச்ச தேய்ப்புல பத்து விரலும் பளபளன்னு ஆயிருச்சுங்க. அதுல அஞ்சு மட்டும் வெட்கப்பட்டு ஓடிப்போயிருச்சு. மிச்ச அஞ்சு அவங்களுக்குப் பயந்து இன்னும் இங்கேயே நிக்குது" என்று சொல்லும்போது மண்டபமே குலுங்கும். பிறகு எல்லாரையும் எழுந்து நின்று அக்காமார்களுக்காகக் குடிக்கச் சொல்வேன். அழாத ஆம்பிளையைப் பார்த்ததில்லை.

நீ அப்போது பாடின பாட்டில் இரண்டு வரி எனக்கு மறந்துவிட்டது. நினைவிருந்தால் எழுது. லாரி டிரைவர் கொடுத்த உலர்ந்த ஆப்ரிகாட்டை நீ எண்ணி எண்ணிக் கொடுத்தாயே, அந்தப் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

போய் வா, டாக்டரம்மா.

உன் தம்பி
மெதெர்


நரின்
16 நவம்பர் 2003

அன்புத் தம்பிக்கு,

நலமா? நரினிலிருந்து எழுதுகிறேன். முதல் பத்து நாள் பயிற்சி நாளை முடிகிறது. கட்டிலும் சோறும் நன்றாக இருக்கின்றன.

நாங்கள் தங்கியிருக்கும் கட்டடத்தில் நம் விடுதியின் அதே நிலக்கரி வாசனை. முதல் நாள் காலை கண் திறக்காமல் படுத்திருந்தேன். மணி அடிக்கும், நீ சின்னப் பிள்ளைகள் அறையிலிருந்து ஒரு காலுறையைத் தொலைத்துவிட்டு என்னிடம் ஓடி வருவாய் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில் பெண் குறட்டை விட்டதும் எனக்கு வயது முப்பத்தொன்பது ஆகிவிட்டது.

சொல்லிக்கொடுப்பவள் பெயர் சாய்கல். வயது இருபத்தேழு. மலையேறிகளை மீட்கும் குழுவில் இருந்தவள். என்னை 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டு அதே வாயால் திட்டுவாள். அடிபட்டவள் மாதிரி நடித்தவளை நோக்கி நான் ஓடினேன். "நில்லுங்கக்கா. முதல்ல நீங்க ஒரு மூச்சு விடுங்க. பாறை இன்னும் விழுந்துட்டு இருக்கான்னு பாருங்க. நீங்களும் விழுந்தா நான் ரெண்டு பேரைத் தூக்கணும்" என்றாள். சாட்டைக் கம்பு இரண்டை வைத்து உடைந்த காலைக் கட்டுகிறோம். இரண்டு கழியும் நம் நீளமான சப்பான் மேலங்கி ஒன்றும் இருந்தால் தூக்கு படுக்கை தயார். அதில் என்னைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள்; நான்கு பேருக்கும் மூச்சு வாங்கியது. கோக்-ஜாரில் எனக்கு அடிபட்டால் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சிரித்தார்கள். எத்தனை வருடமாயிற்று இப்படிச் சிரித்து.

டிசம்பரில் குளிரைப் பற்றிய பாடமாம். அதில் எனக்குப் பயமில்லை.

பாட்டின் அந்த இரண்டு வரி எனக்கும் நினைவில்லை. ராகம் மட்டும் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு முத்தம்.

அக்கா


பிஷ்கெக்
1 டிசம்பர் 2003

அருமை அக்காவுக்கு,

வணக்கம். குளிர் உங்கள் வாசலோடு நிற்கட்டும். நாங்கள் நலம். சின்னவனுக்கு மட்டும் தொண்டை கட்டிவிட்டது.

ஜனவரி பத்தாம் தேதி சித்தப்பா மகள் அசிலின் கல்யாணத்துக்கு நான்தான் தமடா. பள்ளத்தாக்கு முழுக்க வரும். பத்து வருடத்துக்குப் பிறகு நம் ஊரில் நம் கதை. உன்னை முன்வரிசையில் உட்கார வைக்கப்போகிறேன். தலைத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு வா. பயிற்சிக்குப் போகிறாய் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதைக்கு நல்ல வால் கிடைக்கும்.

குளிர்ப் பாடத்தை நீயே நடத்தலாமே, அந்தப் பெண் உட்கார்ந்து கேட்கட்டும்.

மெதெர்


நரின்
20 டிசம்பர் 2003

தம்பி மெதெருக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். நானும் நலம்.

குளிர்ப் பாடம் முடிந்தது. கால் வெளுத்து மரத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று சாய்கல் முதலில் எங்களையே கேட்டாள். பன்னிரண்டு பேரும் ஒரே பதில் சொன்னோம். பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பி, அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நீ சொல்கிற மாதிரி எனக்கு வராது. ஆனாலும் நன்றாகத்தான் சொன்னேன்.  நான் முடித்ததும் சாய்கல் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சாக்குக்கட்டியைத் தேடினாள். அது அவள் கையில்தான் இருந்தது. அப்புறம் பாடத்தை நடத்தினாள்.

உன்னிடம் இரண்டு கேட்க வேண்டும். குளிரில் இன்னும் பாதம் வலிக்கிறதா? அப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா? நான் வெளியே வராந்தா நடையில் இருந்தேன்.

அசில் கல்யாணத்தில் அந்தக் கதை வேண்டாம். ஏன் என்று கேட்காதே. வேறு எதையாவது சொல்லு.

அனார்குல்


பிஷ்கெக்
4 ஜனவரி 2004

அக்காவுக்கு,

புது வருட வாழ்த்து. எல்லாரும் சுகம்.

உன் கடிதத்தை நர்கிசாவிடம் வாசித்துக் காட்டினேன். "உங்க அக்கா டவுனுக்குப் போய் பெரிய மனுஷி ஆயிட்டாங்க, கூச்சப்படறாங்க" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆட்டுப்பட்டியில் தம்பியைச் சுமந்தவள் என்பதில் என்ன கூச்சம்? உன் கூட்டாளிகள் சிரித்தார்களா?

பாதம் வலிக்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று இருபத்துமூன்று வருடம் கழித்து யாருக்கு நினைவு இருக்கும்? ஊசி போட்டார், ரொட்டி கொடுத்தார்.

அந்தக் கதை இல்லாமல் நம் ஊரில் என்னை மேடை ஏற விடமாட்டார்கள். கல்யாணத்தில் பார்ப்போம்.

மெதெர்


கோக்-ஜார்
29 ஜனவரி 2004

மெதெருக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்ததாகச் சாதிர் சொன்னான். நல்லது.

நீ கல்யாணத்தில் கதையைச் சொன்னாய். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நான்கு நாள் இருந்தாய். நான் உன்னோடு தனியாக இருக்காமல் விலகிக்கொண்டே இருந்தேன். கோபம் என்று நினைத்திருப்பாய்.

நீ போன ஆறாம் நாள் பனிப்புயல். குபாத் வழி தவறிய ஆடுகளைத் தேடிப் போனான். கையுறை ஒன்றைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. மத்தியானம் குதிரை அவனைக் கொண்டுவந்து சேர்த்தது. சேதி எனக்கு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் ஓடிப்போனபோது அவன் மனைவி குல்சுன் முற்றத்தில் அவனை உட்கார வைத்து, வாளி நிறையப் பனியை வைத்துக்கொண்டு, வலது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்திருந்தது. நிறுத்தச் சொன்னேன். என்னைத் தோளால் தள்ளிவிட்டாள்.

"உங்க தம்பி அன்னிக்குக் கல்யாணத்துல சொன்னாரே அக்கா. நீங்க செஞ்சதைத்தானே நானும் செய்யறேன்?"

அவள் கையைப் பிடித்து இழுத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. வீட்டுக்குள் கொண்டுபோய் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்தேன். பாதை திறக்க மூன்று நாள் ஆயிற்று. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

ஏன் என்று கேட்காதே என்று எழுதியிருந்தேன். இனி நானே சொல்கிறேன். உறைந்த சதைக்குள் கண்ணாடித் தூள் மாதிரிப் பனிக்கட்டி இருக்குமாம். தேய்த்தால் அது உள்ளேயே அறுக்கும். பனியால் தேய்த்தால் இன்னும் குளிரும். தேய்க்கவே கூடாது, மெதெர். சாய்கல் அன்று அதைத்தான் நடத்தினாள், என் முகத்தைப் பார்க்காமல்.

உன் ஐந்து விரலையும் குளிர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். என் இரண்டு கையாலும், பாட்டுப் பாடிக்கொண்டே எடுத்தேன். அதற்குத்தான் நீ இத்தனை வருடமாக ஊரை எழுந்து நிற்க வைக்கிறாய்.

உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா


கோக்-ஜார்
26 பிப்ரவரி 2004

தம்பிக்கு,

உடம்பு சுகமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. சாதிரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்றாம் தடவை அவன் என்னைக் கண்டதும் வேனைச் சுற்றி அந்தப் பக்கம் போனான்.

குபாத்துக்கு மூன்று விரல் எடுத்துவிட்டார்கள். இனி அவனால் கயிறு வீச முடியாது. குல்சுன் எனக்கு ரொட்டியும் வெண்ணெயும் அனுப்பியிருந்தாள், கையைக் காப்பாற்றியதற்காக. நான் தொடவில்லை.

மார்ச் கடைசியில் அவரவர் ஊரில் அவரவர் சனத்துக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும். அதுதான் பரீட்சை. சாய்கல் எனக்குக் குளிர்ப் பாடத்தைக் கொடுத்திருக்கிறாள். வேறு கொடு என்று கெஞ்சினேன். "உங்க ஊர்ல உங்க கதை இருக்கற வரைக்கும் நான் சொன்னா யாரு நம்புவாங்கக்கா? நீங்கதான் சொல்லணும். முடியலைன்னா பை வேண்டாம்னு சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றாள்.

உன் கால் அது. நீ சொல்லாமல் நான் ஊரார் முன்னால் அதைப் பற்றிப் பேச மாட்டேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


பிஷ்கெக்
15 மார்ச் 2004

என் அக்காவுக்கு,

வணக்கம். பனி உருகத் தொடங்கியிருக்கும். குளிர்காலத்தைக் கடந்து சுகமாக வந்தீர்களா? நாங்கள் வந்தோம். நான் மட்டும் சரியாக இல்லை. ஆறு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

எனக்குத் தெரியும், அக்கா. பத்து வயதிலிருந்தே தெரியும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாயே. ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. கட்டைப் பிரித்து ரொம்ப நேரம் பார்த்தார். "எவன்டா பனியைப் போட்டுத் தேய்ச்சது? இந்த அஞ்சும் அதுலதான் போச்சு" என்றார். பிறகு பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனா அப்புறம் யாரோ ஒழுங்கா சூடு குடுத்திருக்காங்க. இல்லேன்னா கணுக்கால் வரைக்கும் எடுத்திருப்பேன். யாரு அந்த ரெண்டு பேரும்?" என்றார்.

"ரெண்டு பேரும் எங்க அக்காதான்" என்றேன்.

அவர் கட்டைத் திரும்பச் சுற்றினார். என்னை வெளியே தூக்கிவந்தார்கள். நீ நடையில் என் ஈர பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். உதடு வெடித்திருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாய். நீ காப்பாற்றிவிட்டாயாம் என்றேன். நீ தரையில் உட்கார்ந்து அழுதாய். கதை அங்கேதான் பிறந்தது. உன் முகத்துக்காகச் சொன்ன கதை அது. அதற்குப் பின் அதை நிறுத்தத் தெரியவில்லை.

கதையில் நான் ஒன்றை எப்போதும் விட்டுவிடுவேன். டிராக்டர் வரும்வரை நீ தேய்க்கவில்லை. கை ஓய்ந்து நின்றுவிட்டது. நீ கோட்டையும் சட்டையையும் தூக்கி என் இரண்டு பாதத்தையும் உன் வெறும் வயிற்றில் வைத்து, மேலே மூடிக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனாய். நான் தூங்கவில்லை. உன் வயிறு ஒவ்வொரு மூச்சுக்கும் என் பாதத்தைத் தள்ளியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நெருப்பாக வலித்தது. உன்னை எழுப்பக் கூடாது என்று கோட்டுக் காலரைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கல்யாண வீட்டில் அக்காவின் வயிற்றைப் பற்றி எப்படிப் பேசுவது என்று விட்டேன் என்பது ஒரு சாக்கு. அதைச் சொன்னால் டாக்டர் சொன்ன முதல் பாதியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

குபாத் கல்யாணத்தில் மூன்றாவது மேசையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தான். அதைத் தினம் பார்க்கிறேன். நீ தெரியாமல் செய்தாய். நான் தெரிந்தே சொன்னேன்.

இந்தக் கடிதத்தை உன் பாடத்தில் வாசி. ஒரு வார்த்தையும் விடாதே.

மெதெர்


கோக்-ஜார்
2 ஏப்ரல் 2004

அன்புத் தம்பிக்கு,

நீ, நர்கிசா, பிள்ளைகள் எல்லாரும் சுகமா? இங்கே எல்லாரும் சுகமாகக் குளிர்காலத்தைக் கடந்தோம். முப்பத்தொரு குட்டி விழுந்திருக்கிறது.

தூங்கிப்போனது மட்டும் எனக்கு நினைவிருந்தது. உன் பாதத்தை எங்கே வைத்தேன் என்பது நினைவில்லை. தேய்க்காமல் தூங்கிவிட்டேன், அதனால்தான் ஐந்து போயிற்று என்று இத்தனை வருடமும் மனதுக்குள் வைத்திருந்தேன். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உன் கடிதத்தை வாசித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். உன் மச்சான் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பாலைக் கறந்துகொண்டு போனார்.

பாடம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். சாய்கல் பின்னால் சுவரோரம் நின்றாள். கடிதத்தை முழுவதும் வாசித்தேன். வயிற்றுப் பகுதி வந்தபோது நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன். பிறகு தோக்தோவைப் பெஞ்சில் உட்கார வைத்து, காலுறையைக் கழற்றி, எப்படிச் செய்ய வேண்டும் என்று என் கோட்டுக்குள்ளேயே செய்து காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. கிழவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கேள்வி உண்டா என்று கேட்டேன். குல்சுன் எழுந்தாள்.

"கல்யாணத்துல கதை சொன்னப்பவே அவருக்கு இது தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவள் குபாத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாடத்தை முடித்தேன். சாய்கல் பையைக் கொடுத்தாள். என் தோளில் அது இருக்கிறது, ஆனால் எனக்கு அது அன்று பெரிதாகத் தெரியவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மெதெர். பத்து வயதுப் பிள்ளை நடையில் சொன்ன பொய்க்கு அல்ல. அந்தப் பொய்யை என் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன், அவ்வளவு இனிப்பாக யாரும் என்னிடம் பேசியதில்லை. அதற்குப் பின் வந்த வருடங்களுக்குத்தான் கோபம். உன் ஐந்து விரலுக்கு நான் பொறுப்பு. குபாத்தின் மூன்றுக்கு நாம் இருவரும்.

இன்று காலை குபாத் தானே வந்தான். இடது கையால் கடிவாளம் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். குதிரையை விட்டு இறங்காமலே பேசினான். "அவரைத் திட்டி எழுதாதீங்கக்கா. ஒரு தடவை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. வந்து என் எதுக்க உட்காரட்டும், அது போதும்" என்றான்.

போன பனியில் மறுபடி மூடிய கணவாய் அடுத்த வாரம் திறக்கும். சாதிரிடம் உனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். வா. வழியில் கதை எதுவும் யோசித்துக்கொண்டு வராதே.

உன் அக்கா
அனார்குல்